துவக்கை மறைத்த கோட்

லண்டனில் துவக்கை, அதாவது கைத்துப்பாக்கியை, உடுப்புக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தால் மறியல்தான், சிறையில் போட்டுவிடுவார்கள். அதனாலோ என்னவோ, அதை எப்படி மறைப்பது என்று இங்கே தையல்காரர்களுக்கும் தெரியாது. மன்னாரில் இருந்து வந்த அருமைநாயகிக்குத் தெரிந்திருந்தது. தன்பாட்டில் இருந்த மனுசியை அந்த வேலைக்குள் இழுத்துவிட்டது என்னுடைய வாய்தான். என் வாயைப் பற்றி டூட்டிங்கில் எங்கள் கோயில் பங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் பெயர் பெர்னடெற். அந்த நாளில் நான் கிளாப்பம் சவுத் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ஓர் உடுப்புப் பட்டறையில் பொத்தான் துளை போட்டுக்கொண்டிருந்தேன். நாடகத்துக்கும் தொலைக்காட்சிக்கும் உடுப்புத் தைத்துக் கொடுக்கிற இடம். ஒரு கிழமை மகாராணிக்குப் பாவாடை, மறு கிழமை பிச்சைக்காரனுக்குக் கிழிந்த கோட். இரண்டில் கிழிந்த கோட்டுக்குத்தான் வேலை அதிகம்.

பக்கத்து மெஷினில் அருமைநாயகி. என்னைவிட எட்டு வயது மூத்தவர், அதனால் எனக்கு அருமையக்கா. மன்னாரில் பெரிய கோயிலடியில் சொந்தமாகத் தையற்கடை வைத்திருந்தவர். அங்கே தைப்பதற்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். துணி வெட்டுவது மட்டும் அக்கா. "வெட்டுறவள்தான் தையல்காரி, மற்ற ஆக்கள் எல்லாம் நூல் கோக்கிற ஆக்கள்" என்பது அவருடைய கட்சி. அப்படிப்பட்டவர் 1985இல் இங்கே வந்து, ஐந்து வருடமாகக் காற்சட்டைக் கரையை மடித்து மடித்து அடித்துக்கொண்டிருந்தார்.

பட்டறையின் நடுவில் வெட்டுமேசை இருந்தது. பதினைந்து அடி நீளம். ஆர்தர் என்ற கிழவர் அதில் நின்று வெட்டுவார். அந்த வருடம் ஆடியோடு அவர் ஓய்வு பெறப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மேசை அக்காவுக்கு வேண்டும். வேறெதுவும் வேண்டாம், அது வேண்டும். தேநீர் நேரத்தில் அந்தப் பக்கமாகப் போகும்போது உள்ளங்கையால் பலகையை ஒருமுறை தடவிவிட்டு வருவார். கேட்பதற்கென்று ஓர் ஆங்கில வசனம் பாடமாக்கி வைத்திருந்தார். பட்டறைத் தலைவி மிஸிஸ் பிரிச்சர்டைக் கண்டதும் அது மறந்துவிடும்.

1990 பங்குனியில் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு உடுப்பு வேலை வந்தது. கதாநாயகன் ஒரு மந்திரிக்குக் காவல் போகிற பொலிஸ்காரன். சீருடை கிடையாது, சூட்தான். கோட்டுக்குள் எந்நேரமும் துவக்கு. மந்திரியோடு விருந்துக்குப் போவான், காரில் ஏறுவான், இறங்குவான், படியில் ஓடுவான். அவனிடம் துவக்கு இருப்பது பார்க்கிற சனத்தின் கண்ணில் படக்கூடாது.

"அப்ப துவக்கை வைக்காமலே விட்டால் என்ன?" என்று நான் கேட்டேன். நியாயமான கேள்வி. இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. இடுப்பில் பாரம் இல்லாதவனுடைய நடை பொய் நடை என்பது அந்த மனுசனின் கொள்கை.

ஆர்தர் வெட்டிய முதல் கோட்டைப் போட்டுக்கொண்டு நடிகர் டெரிக் வந்து நின்றார். நல்ல உயரமான, வடிவான ஆள். இடது அக்குளுக்குக் கீழே ஒரு தோலுறை, அதற்குள் கொழுத்த றிவோல்வர் ஒன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்த கதைதான். கோட் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்க, ஐம்பது வருடத்தில் தன்னிடம் ஒருவரும் இப்படி ஒன்று கேட்டதில்லை என்று ஆர்தர் முறைத்தார்.

"உது ஒளிக்கத் தெரியாத ஆக்களின்ரை வேலை," என்று அக்கா தலை நிமிராமல் முணுமுணுத்தார். "அக்குளுக்கை ஆரும் ஒளிப்பினமே? கையைத் தூக்கினா முடிஞ்சுது."

நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் மிஸிஸ் பிரிச்சர்டிடம் சொல்லிவிட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அக்காவைப் பார்த்தார். ஐந்து வருடத்தில் அவர் அக்காவை ஒழுங்காகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். இவளால் மறைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று நானே சொன்னேன். கையோடு மேசைக் கதையையும் எடுத்துவிட்டேன். மிஸிஸ் பிரிச்சர்ட் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. இயக்குநர் இந்தக் கோட்டை ஒப்புக்கொண்டால், ஆர்தருக்குப் பிறகு மேசை அருமைநாயகிக்கு. ஒப்புக்கொள்ளாவிட்டால் பேப்பரில் விளம்பரம் போடுவேன் என்றார்.

"உன்ரை வாயை ஒருநாளைக்கு இந்த மெஷினிலை வைச்சு அடிச்சு விடுறன், பார்," என்றார் அக்கா. ஆனால் அவர் அடித்த கரை கோணிப் போனதையும் கண்டேன். ஆசையில் கோணியதுதான்.

அடுத்த நாள் ஹொட்ஜ் என்பவர் ஒரு பூட்டிய பெட்டியோடு வந்தார். படப்பிடிப்புத் துவக்குகளுக்குப் பொறுப்பான ஆள். பெட்டிக்குள் நான்கு கைத்துப்பாக்கிகள். சுட முடியாதபடி குழாயை அடைத்தவை என்றாலும், ஒவ்வொன்றையும் திறந்து வெறுமை என்று காட்டிய பிறகுதான் மேசையில் வைத்தார். அக்கா அளவு நாடாவை எடுத்தார். நான் மொழிபெயர்ப்புக்கு நின்றேன்.

முதலில் அந்த றிவோல்வர். குண்டு உருளை இருக்கிற இடத்தை நாடாவால் சுற்றி அளந்துவிட்டு, "இதுக்கு வயிறு வைச்சிருக்கு, வேண்டாம்," என்றார். அடுத்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குட்டி. மறைக்கச் சுகம். ஆனால் டெரிக்கின் பெரிய கையில் அது சிகரெட் லைட்டர் மாதிரி இருந்ததால் இயக்குநர் வேண்டாம் என்று ஏற்கனவே சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றாவது நீளமான ஒன்று, பிடியும் பெரிது. நான்காவது தட்டையான, நடுத்தர அளவான ஒன்று.

"நீளத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம்," என்றார் அக்கா. "நீளம் காற்சட்டைக்குள்ளை இறங்கிடும். காட்டிக்குடுக்கிறது பிடிதான். பிடி குட்டையா, தட்டையா இருக்க வேணும். ஆள் குனியேக்கை பிடிதான் முதுகாலை வெளியிலை தள்ளும்."

நான் சொன்னதைக் கேட்டு ஹொட்ஜ் அக்காவைக் கூர்ந்து பார்த்தார். ராணுவத்தில் இருந்தவராம். இந்தப் பெண் எங்கே பயிற்சி எடுத்தவள் என்று என்னிடம் மெல்லமாகக் கேட்டார். அந்த நாளில் எங்களைப் பார்த்து அப்படிக் கேட்டால், இயக்கத்தில் இருந்தவளா என்று கேட்கிற மாதிரி. நான் அவசர அவசரமாக உண்மையைச் சொன்னேன்.

உண்மை இதுதான். 1984இல் மன்னாரில் இருந்து சனம் படகேறி ராமேஸ்வரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கரைக்குப் போகிற வழியெல்லாம் ராணுவச் சோதனை. பெண்கள் நகைநட்டை எப்படிக் கொண்டுபோவது? அக்காவிடம்தான் வந்தார்கள். உள்பாவாடை இடுப்புப் பட்டியோடு சேர்த்து ஒரு பை தைத்துக் கொடுப்பார். முதலில் என்ன கொண்டுபோகிறாய் என்று கேட்டு, அதை வாங்கித் தடிப்பை அளப்பார். பிறகு அவர்களை நடக்கவிட்டு, இருக்கவிட்டு, பூசைக்கு முழந்தாளிடுகிற மாதிரி முழந்தாளிட்டு எழும்பவிட்டுப் பார்ப்பார். தான் தைத்த பையோடு போன ஒருத்தியும் பிடிபடவில்லை என்று சொல்வார். உண்மையோ தெரியாது. பிடிபட்டவள் திரும்பி வந்து முறைப்பாடா சொல்லப் போகிறாள்?

ஹொட்ஜ் இதைக் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். தட்டைத் துவக்கின் அளவுகளை அக்காவுக்குத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றவற்றைப் பூட்டினார்.

அக்கா வைத்த இடம் வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால், காற்சட்டைக்கு உள்பக்கம். முதுகு நடுவில் வைத்தால் காரில் சாயும்போது குத்தும். கணுக்காலில் வைத்தால் அவன் படியேறும்போது கால் இழுபடும். காற்சட்டை இடுப்பை ஒன்றரை அங்குலம் கூட்டினார். டெரிக் கட்டிக்கொண்டு வந்த மெல்லிய பெல்ட் பாரத்தில் தொய்கிறது என்று, தடித்த தோலில் அகலமான பெல்ட் ஒன்று எடுப்பித்தார். தனிச் சாம்பல் துணியை ஒதுக்கிவிட்டுச் சின்னக் கட்டம் போட்ட துணியைக் கேட்டார். வெறுந்துணியில் சின்ன மேடும் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும், கட்டத்தில் கண் ஏமாறும். ஆர்தரே அதற்குத் தலையாட்டினார். கோட்டின் வலப்பக்கத்தை இடப்பக்கத்தைவிட மயிரிழை அகலமாக வெட்டச் சொல்லி அக்கா கோடு போட்டுக் கொடுத்தார். வெட்டியது ஆர்தர்தான். கத்திரிக்கோல் இன்னும் அக்காவின் கைக்கு வரவில்லை.

தோலுறை மொத்தம், தடிப்பு என்று அதையும் ஒதுக்கிவிட்டார். காற்சட்டைக்கு உள்ளே துணியில் ஒரு பை தைத்தார். வாய்க்கு மேலே மூடி. மூடிக்கு மேலே நாடா. நாடாவுக்கு ஒரு முடிச்சு.

அதைப் பரீட்சித்துப் பார்க்க ஓர் ஆண்பிள்ளை வேண்டும். அக்காவின் கணவர் கஸ்பர் அண்ணைக்கு டெரிக்கின் உடம்பு இல்லை. ஆனால் இடுப்பு இருந்தது. பெற்றோல் ஷெட்டில் வேலை செய்கிற சாதுவான மனிதர். அக்கா அவரைக் கொண்டே பழைய அலமாரி ராக்கைப் பலகை ஒன்றை ஹொட்ஜின் அளவுக்கு அறுப்பித்து, அதில் ஈயக் கட்டியை ஒட்டிப் பாரமாக்கி, ஞாயிறு காலை அவருடைய காற்சட்டைக்குள் கட்டிவிட்டார். நான் அவர்களோடு கோயிலுக்குப் போக வந்திருந்தேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார் கஸ்பர் அண்ணை. "பூசைக்குத் துவக்கோடை போறதே?"

"துவக்கில்லை, பலகை. பேசாமல் வாங்கோ. கையை மட்டும் அங்காலை கொண்டுபோகாதேங்கோ. கை போற இடத்துக்குத்தான் கண்ணும் போகும்."

பூசை முழுக்க நான் பிரசங்கம் கேட்கவில்லை. கஸ்பர் அண்ணையின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழந்தாளிட்டார், எழும்பினார், இருந்தார், நன்மை அப்பம் வாங்க வரிசையில் போனார். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது முன்வரிசை செபமாலைமுத்து மாஸ்டர் அவரைக் கட்டிப்பிடித்தே விட்டார். மாஸ்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. பூசை முடிந்து பங்குச் சுவாமியோடு நின்று தேத்தண்ணியும் குடித்தோம். ஒரு குஞ்சுக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பலகையை வெளியே எடுக்க வேண்டும். அக்கா முழந்தாளில் இருந்து முடிச்சை அவிழ்க்க, கஸ்பர் அண்ணை மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்க, நான் இன்னொரு தேத்தண்ணி போட்டுக் குடித்து முடித்தேன். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை இயக்குநர் வந்தார். டெரிக் புதுச் சூட்டோடு வந்து நின்றார். காலையில் இருந்து அக்கா அவரைப் படுத்தியபாடு கொஞ்சமில்லை. அவருடைய வலக்கை இடுப்புக்குப் போகிற ஒவ்வொரு முறையும் அளவு நாடாவால் அந்தக் கையில் ஒரு தட்டு. நாட்டில் பாதிப் பெண்கள் காதலிக்கிற நடிகர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

இயக்குநர் அவரை நடக்கச் சொன்னார். இருக்கச் சொன்னார். குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டச் சொன்னார். மூன்று முறை சுற்றி வந்தார். கடைசியில், "வைக்க மறந்துவிட்டீர்களா?" என்று ஹொட்ஜைக் கேட்டார். ஹொட்ஜ் சிரித்தார். எனக்குக் கைதட்டவேண்டும்போல் இருந்தது. அக்கா கண்களை மூடி அந்தோனியாருக்கு என்னவோ நேர்ந்துகொண்டிருந்தார்.

"அருமை," என்றார் இயக்குநர். "இப்போது மந்திரியைச் சுட ஒருத்தன் வருகிறான். எடு!"

டெரிக் கோட்டை விலக்கிக் கையைப் பின்னால் கொண்டுபோனார். மூடி தட்டுப்பட்டது. மூடிக்கு மேலே நாடா தட்டுப்பட்டது. நாடாவில் முடிச்சு. ராமேஸ்வரம் வரைக்கும் அவிழாத முடிச்சு அது. அவர் ஒரு கையால் இழுத்தார், இரண்டு கையாலும் இழுத்தார், பக்கவாட்டில் வளைந்தார், ஒற்றைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றினார். ஆர்தர் மேசையில் கையை ஊன்றிக் கண்ணீர் வரச் சிரித்தார். மந்திரி செத்து, அடக்கம் முடிந்து, முப்பத்தோராம் நாள் பூசையும் ஒப்புக்கொடுத்து முடிந்திருக்கும். துவக்கு வெளியே வரவில்லை.

இயக்குநர் சிரிக்கவில்லை. எடுக்க முடியாத துவக்கை வைத்து என்ன செய்வது, வேறு இடத்தில் கொடுத்துத் தைப்பிக்கிறேன் என்று மிஸிஸ் பிரிச்சர்டிடம் சொல்லிவிட்டுத் தன் மேற்கோட்டைத் தேடினார். மிஸிஸ் பிரிச்சர்ட் அக்காவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லலாம். ஆனால் யானைக்கு மேசை பறிபோவதில்லை. அக்காவின் முகம் செத்துப்போயிருந்தது. நான் வாயைத் திறந்து இந்த வேலைக்குள் இழுத்துவிட்டதற்காக என்னையே அறையவேண்டும்போல் இருந்தது.

ஹொட்ஜ்தான் கேட்டார். கோபமில்லாமல், அறிய வேண்டும் என்றே கேட்டார். "ஏன் முடிச்சுப் போட்டாய்?"

நான் மொழிபெயர்த்தேன். அக்கா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"எடுக்கிறதுக்கு ஆர் பிள்ளை ஒளிக்கிறது?" என்றார். "ஒளிக்கிறது எண்டா ஆருக்கும் எடுக்க ஏலாமல் ஒளிக்கிறதுதானே? வைச்ச ஆளுக்கே லேசிலை எடுக்க ஏலாட்டித்தானே மற்றவன் எடுக்கமாட்டான்?"

நான் இதைச் சொன்னால் அவர்களுக்கு விளங்கவில்லை. இயக்குநர் ஒரு கையை மேற்கோட்டுக்குள் விட்டபடி நின்றார். விளங்கப்படுத்த வேறு வழி தெரியாமல் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பினார். போட்டிருந்த கம்பளி நூல்கோட்டைத் தூக்கி, பாவாடை இடுப்புக்குள் கையை விட்டு, எதையோ அவிழ்க்கத் தொடங்கினார். நேரம் போனது. மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. அவர் திரும்பியபோது கையில் கசங்கிய ஒரு துணிப்பை இருந்தது. அதே மூடி, அதே நாடா. அதற்குள் இருந்து எடுத்து வெட்டுமேசையில் வைத்தது அவருடைய தாலிக்கொடி.

நான் ஐந்து வருடம் பக்கத்து மெஷினில் இருந்தவள். அவரோடு ஒன்றாக ரெயினில் வந்தவள், ஒன்றாகச் சாப்பிட்டவள். எனக்கே தெரியாது. அருமைநாயகி கழுத்தில் கொடியைக் காணவில்லை, வந்த கையோடு விற்றுத் தின்றுவிட்டார்கள் என்று எங்கள் பங்கில் ஒரு கதை இருந்தது. அந்தக் கதையை நாலு பேருக்குச் சொன்னதில் நானும் ஒருத்தி. எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது.

"போட்டா ரோட்டிலை பறிப்பாங்கள், வீட்டிலை வைச்சா உடைச்சு எடுப்பாங்கள்," என்றார் அக்கா. "படகிலை வரேக்கை கட்டினது. அப்பிடியே விட்டிட்டன். எடுக்கிறது எண்ட யோசினையே எனக்கு வரேல்லை."

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இந்த மனுசி ஐந்து வருடம் மடியில் கனத்தோடு நோர்தன் லைன் ரெயினில் நின்று நெரிபட்டு வந்திருக்கிறார், முகத்தில் ஒரு துளி காட்டவில்லை. நான் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். கொடி விற்ற கதையை மட்டும் விட்டுவிட்டேன்.

இயக்குநர் மேசைக்குக் கிட்ட வந்தார். கொடியைத் தொடாமல் பார்த்தார். பிறகு அந்தப் பையைப் பார்த்தார். பையின் தடிப்பை விரலால் காற்றில் அளந்துவிட்டு அக்காவின் இடுப்பைப் பார்த்தார். உடனே வெட்கப்பட்டுக் கூரையைப் பார்த்தார். இன்று முழுவதும் இது அங்கேயா இருந்தது என்று கேட்டார். "ஓம்," என்றார் அக்கா. தமிழில்தான். அந்த மனுசனுக்கு விளங்கியது. மேற்கோட்டில் இருந்து கையை எடுத்தார்.

"வியாழக்கிழமை வருகிறேன்," என்றார். "தெரியவும் கூடாது, வரவும் வேண்டும்."

அன்று பின்னேரமே அக்கா டெரிக்கின் காற்சட்டைப் பையைப் பிரித்தார். மூடியை வெட்டி எறிந்தார். முடிச்சை அவிழ்க்கவில்லை, கத்திரித்தார். ஹொட்ஜ் மெல்லிய, விறைப்பான தோல் துண்டு ஒன்று கொடுத்தார். அதைப் பையின் வாய்க்கு வைத்துத் தைத்ததும் வாய் மூடாமல் திறந்தே நின்றது. எடுத்த துவக்கைப் பார்க்காமலே திருப்பி வைக்கலாம். பிடியைக் கொஞ்சம் முன்பக்கம் சரித்து வைத்தார். கோட்டின் வலப்பக்க உள்துணியை வழுக்குகிற சாட்டினாக மாற்றினார், பிடி அதில் சிக்காமல் இருக்க. ஆனாலும் டெரிக் கோட்டை விலக்கும்போது அது திரும்பி வந்து அவருடைய கையிலேயே விழுந்தது.

அதற்கு மருந்து அடுத்த நாள் கண்டுபிடித்தார், வீட்டுக் குசினியில். நானும் போயிருந்தேன். கஸ்பர் அண்ணை பழைய கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் பலகையோடு நின்றார். "இஞ்சாருங்கோ, எடுங்கோ!" என்று அக்கா கத்துவார், அண்ணை எடுப்பார். "வையுங்கோ!" வைப்பார். முப்பதாவது தடவைக்குப் பிறகு அவருக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. அக்கா சொல்ல முதலே எடுத்துக் கேத்திலைச் சுடுவார், என்னைச் சுடுவார், சுவரில் மாட்டியிருந்த கலண்டரைச் சுடுவார். ஒருதரம் கை தட்டிச் சீனிப்போத்தல் விழுந்து உடைந்தது.

"கோட் கையிலை வந்து விழுகுது," என்று முறைப்பட்டார். "காத்தடிச்சா ஜன்னல் சீலை வந்து முகத்திலை அடிக்கிற மாதிரி."

அக்கா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். சீலை அசையாமல் தொங்கியது. இங்கே சீலையின் கரைக்குள் சின்ன ஈயக் குண்டுகள் வைத்துத் தைத்திருப்பார்கள். அப்பொழுதே கரையைப் பிரித்து நாலு குண்டை எடுத்து, அண்ணையின் கோட் முன்மூலைக்குள் வைத்து அடித்தார். இப்போது கோட்டைத் தட்டிவிட்டால் அது பாரத்தோடு பின்னால் போய் நின்றது. கை போய் வருவதற்கு அந்த நேரம் போதும். ஐந்து வருடம் கரை அடித்தது வீண் போகவில்லை என்று நான் சொல்ல, அக்கா அந்தக் கிழமையில் முதல்தடவையாகச் சிரித்தார்.

வியாழக்கிழமை டெரிக் நடந்தார், இருந்தார், குனிந்தார். இயக்குநர் சுற்றி வந்தார். ஒன்றும் தெரியவில்லை. "எடு" என்று அவர் சொல்லவில்லை; பேசிக்கொண்டிருந்தவர் சடாரென்று கையைத் தட்டினார். நான் கண்ணிமைத்தேன். கண்ணைத் திறந்தபோது துவக்கு டெரிக்கின் கையில் இருந்தது. இன்னொரு தரம் தட்டினார். இன்னொரு தரம் வந்தது. டெரிக் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார். அக்கா வெட்கத்தில் ஊசிப்பெட்டியைத் தட்டிக் கொட்டிவிட்டார்.

இயக்குநர் ஒரு பாராட்டும் சொல்லவில்லை. நல்ல கோட் கிடைப்பது இயற்கை என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மிஸிஸ் பிரிச்சர்ட் கட்டத் துணிச் சுருள் ஒன்றைத் தூக்கிவந்து வெட்டுமேசையில் போட்டு விரித்தார். கதாநாயகன் ஓர் இடத்தில் ஆற்றில் விழுகிறானாம், ஓர் இடத்தில் தீயில் அகப்படுகிறானாம். இதே மாதிரி இன்னும் ஆறு கோட் வேண்டும் என்றார். ஆர்தர் தன் பெரிய கத்திரிக்கோலைத் திருப்பிப் பிடித்து, பிடிப் பக்கத்தை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா அதை வாங்கவில்லை. முதலில் என்னைப் பார்த்தார். "என்ன சொல்லுறா?" என்று கேட்டார்.

"வெட்டட்டாம்," என்றேன். "ஆடியோடை மேசை உங்கடைதானாம்."

அவர் வெட்டுவதை நான் அன்றைக்குத்தான் முதலில் கண்டேன். சோக்கால் கீறிய கோட்டைப் பார்த்தாரோ இல்லையோ, கத்திரிக்கோல் துணிக்குள் ஒரே ஓட்டமாகப் போனது. எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையும் வந்தது, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

திங்கட்கிழமை காலை நான் வேலைக்குப் போனபோது அக்கா எனக்கு முதலே வந்து மேசையில் நின்றார். நூல்கோட்டுக்கு மேலே, பட்டப்பகலில், கழுத்தில் தாலிக்கொடி. பட்டறையில் எல்லோரும் பார்க்கத் தக்கதாக.

"என்ன அக்கா இது?" என்றேன். "களவெடுக்கிறவங்கள் எல்லாம் ஊரை விட்டுப் போயிட்டாங்களே?"

"நிண்டு வெட்டேக்கை மேசை விளிம்பிலை இடுப்பு முட்டுது," என்றார். "பை குத்துது. கதிரையிலை இருக்கேக்கை அது தெரியேல்லை. இனி வேறை எங்கை வைக்கிறது?"

நாலு பேருக்கு நான் சொன்ன அந்தக் கதையை அப்போதுதான் அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தனக்கு அப்போதே தெரியும் என்றார். தெரிந்தும் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். "வித்துப்போட்டம் எண்டு சனம் நம்பினா ஆர் பிள்ளை பறிக்க வருவினம்?" என்றுவிட்டு அவர் துணிக்கு மேலே குனிந்தார். கொடி முன்னால் தொங்கிக் கத்திரிக்கோலுக்கு இடைஞ்சலாக வந்தது. அதைத் தூக்கி முதுகுப் பக்கம் போட்டுவிட்டு அடுத்த கோட்டை வெட்டத் தொடங்கினார்.